மதில்மேல்

இரண்டாம் ஷிப்ட் முடிந்து
பாயான் லெப்பாஸிலிருந்து வரும் கம்பெனி பஸ்
குளுகோரில் என்னை இறக்கிவிடும்போது
மணி பன்னிரண்டே கால்.
சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்குமுன்
டார்ச்லைட்டை எடுப்பேன்.

மழை விட்ட இரவுகளில்தான் வரும்.
பாசியேறிய மதில் ஓரம்
ஒன்றன்பின் ஒன்றாக,
வீட்டைச் சுமந்தே குடிமாறுகிறவை,
அவசரமே இல்லாமல்.
விடிந்து பார்த்தால்
வெண்டை நாற்றில் தண்டு மட்டும் நிற்கும்.
கீரைப் பாத்தி முழுக்க
காய்ந்த பசைக் கோடுகள் மினுங்கும்.

முட்டை ஓடு நொறுக்கிப் போட்டேன்.
ஏறி வந்தன.
கோப்பித்தூள் சக்கையைக் கொட்டினேன்.
அதிலும் ஏறி வந்தன.
உப்பைத் தூவு என்றார் வீட்டுக்காரர்,
தொலைக்காட்சியை விட்டுக் கண்ணெடுக்காமல்.
ஒன்றின்மேல் தூவினேன்.
நுரைத்து நுரைத்து அது சுருங்கிய சத்தம்
சோற்றின் முன் உட்கார்ந்தபோதும் கேட்டது.
அன்றோடு உப்பு குழம்புக்கு மட்டும்.

பிறகுதான் எறியத் தொடங்கினேன்.
கையுறை மாட்டி, ஓட்டைப் பிடித்து,
மதிலுக்கு அந்தப் பக்கம்.

அந்தப் பக்கம் தியோவின் வீடு.
பட்டர்வொர்த்தில் ஏதோ கிடங்கில்
சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர்.
காலையில் பனியனோடு நின்று
காய்லான் செடிகளுக்கு நீர் விடுவார்.
பதினோரு வருஷமாய்
தலையசைப்புதான் எங்கள் பேச்சு.
தீபாவளிக்கு முறுக்குப் பை கேட்டில் தொங்கும்;
அவர் பெருநாளுக்கு அதே பையில்
ஆரஞ்சு திரும்பி வரும்.

உறுத்தியது. இல்லை என்று சொல்லவில்லை.
ஆனால் அரைக்கீரை இப்போதுதான்
இரண்டாம் இலை விட்டிருந்தது.

மூன்றாம் வாரம் சந்தேகம் வந்தது.
எறிகிறேன், எறிகிறேன், எண்ணிக்கை குறையவில்லை.
மகளின் மேசையிலிருந்து நகச்சாயம் எடுத்து
அன்று பிடித்த பதினேழுக்கும்
ஓட்டின்மேல் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தேன்.
பெண்ணழைப்புக்குக் கிளம்பியதுபோல்
படியில் வரிசையாக இருந்தன.
காயும்வரை காத்திருந்து
ஒவ்வொன்றாக வீசினேன்.

இரண்டே நாளில்
பொட்டோடு ஒன்பது திரும்பி வந்தன.
எங்கே விட்டாலும் வீடு தேடும் ஜாதி போல,
என்று நினைத்துக்கொண்டேன்.
மனசுக்குள் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

நேற்று இரவு
எச்சில் தோல்களைக் கொட்டப் போனேன்.
பெயிண்ட் தோம்பைத்தான் எருத் தொட்டியாக்கியிருக்கிறேன்.
மூடியைத் திறந்தால் ஒரு வெதுவெதுப்பு.
வாழைத்தோல், தேத்தூள், அழுகிய பப்பாளி,
அவற்றுக்கு நடுவே கறுத்த புழுக்கள் நெளியும் ஓசை,
தூரத்து அடுப்பில் உலை கொதிப்பதுபோல்.
மூடியின் உள்பக்கம்
நத்தை ஒன்று ஒட்டியிருந்தது.
என் பொட்டு இல்லை.
டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனேன்.
நீல எனாமல். மெல்லிய தூரிகை.
பேரேட்டில் எழுதுகிற நேர்த்தியோடு
ஓர் எண்:
இருபத்து மூன்று.

அப்படியானால் ஒன்று முதல்
இருபத்திரண்டு வரை எங்கே?
என் கீரையிலா, அவர் காய்லானிலா?
எத்தனை இரவுகள்
நான் இங்கிருந்தும் அவர் அங்கிருந்தும்
ஒரே நத்தையை வீசியிருப்போம்?

சிரிப்பு வந்துவிட்டது.
வாயைக் கையுறையால் பொத்தி,
அந்த நாற்றத்தில் இன்னும் சிரித்தேன்.

கையை ஓங்கினேன், பழக்க தோஷத்தில்.
பிறகு
மதில்மேல், உச்சியில்,
மெதுவாக வைத்தேன்.
கொசு கடிக்க நின்றேன்,
எந்தப் பக்கம் இறங்குகிறது பார்ப்போமென்று.
பூனையாக இருந்தால்
இந்நேரம் ஒரு பக்கம் குதித்திருக்கும்.
இது ஓட்டுக்குள் போய்
கதவைச் சாத்திக்கொண்டது.

அந்தப் பக்கம்
யாரோ டார்ச்சை அணைக்கும் சத்தம்.